மூட் சப்ளிமென்ட் வாங்கியாச்சா? மூடியைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

நான் பல வருடங்களாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். நடுவில் சில மாதம் மனசு சரியில்லை. எதிலும் பிடிப்பில்லை, காலையில் எழுந்திருக்கவே அலுப்பு. மருத்துவரிடம் போகச் சோம்பல்பட்டு, 'மனநிலைக்கு நல்லது' என்று எழுதியிருந்த ஒரு கேப்ஸ்யூல் புட்டியை வாங்கினேன். முடி கொட்டியதற்காக இன்னொரு மாத்திரையும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று தைராய்டு மாத்திரையோடு மூன்றையும் ஒரே மிடறில் விழுங்கிவிடுவேன்.

இரண்டு மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அடிமட்டத்தில் இருந்தது. அதாவது மாத்திரை அதிகமாகிவிட்டது என்று பொருள். எனக்கோ உடம்பு நேர்மாறாக, மந்தமாக, கனமாக இருந்தது. மருந்தைக் குறைக்கலாம் என்று மருத்துவர் பேனாவை எடுத்த பிறகுதான் முடி மாத்திரை பற்றிய பேச்சே வந்தது. அதை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். உச்சத்தில் இருந்தது, அதாவது தைராய்டு மாத்திரை போதவில்லை. முடி மாத்திரையில் இருந்த பயோட்டின் என்ற வைட்டமின் பரிசோதனையைப் பொய்யாக்கியது. மனநிலை கேப்ஸ்யூலில் இருந்த மெக்னீசியமோ தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுத்திருந்தது. ஒன்று செய்த கோளாறை இன்னொன்று மறைத்துவிட்டது. இதைச் சரிசெய்ய எனக்கு நாலு மாதம் ஆனது, பரிசோதனைக் கட்டணமும் மருத்துவர் கட்டணமும் இரண்டு மடங்கு. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது, நாள்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதல்ல. இன்றே மருத்துவரையோ அவசர உதவியையோ நாடுங்கள். சப்ளிமென்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. வீட்டில் உள்ள அத்தனையையும் மேசையில் கொட்டுங்கள்

நினைவிலிருந்து பட்டியல் எழுதாதீர்கள், கண்டிப்பாக விட்டுப்போகும். அலமாரி, கைப்பை, படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறை என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்து மேசையில் வையுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தவை மட்டும் போதாது. கருத்தடை மாத்திரை, தலைவலி மாத்திரை, இருமல் மருந்து, நெஞ்செரிச்சல் மருந்து, புரதப் பொடி, முடிக்கும் சருமத்துக்குமான மாத்திரைகள், தூக்கத்துக்கான கம்மி மிட்டாய், மூலிகைச் சூரணம் எல்லாமே கணக்கில் வரும்.

ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: பெயர், அளவு, எந்த நேரம், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து. கடைசிப் பத்தியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பிரச்சினை என்று வரும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

சமீபத்தில் நிறுத்திய மருந்துகளையும் எழுதுங்கள். உதாரணமாக, மனச்சோர்வு மருந்தான ஃப்ளூஆக்ஸெடின் நிறுத்திய பிறகும் உடம்பை விட்டு முழுதாகப் போக ஏறக்குறைய 5 வாரம் ஆகும். 'போன மாசமே நிறுத்திட்டேன்' என்றால் இன்னும் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் தயாரானதும் ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். ஒவ்வொரு புட்டியின் பின்பக்க லேபிளையும் படமெடுங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், நடப்பு மருந்துச்சீட்டு, ஒவ்வாமை விவரம், இவையும் சேர்ந்தால் உங்கள் ஆவணக்கட்டு முழுமை.

2. லேபிளைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. நான் கைப்பேசி கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்கிறேன்.

முதலில் எத்தனை கேப்ஸ்யூலுக்கான அளவு அது என்று பாருங்கள். '400 மி.கி.' என்பது பல சமயம் இரண்டு அல்லது நான்கு கேப்ஸ்யூலுக்கான கணக்காக இருக்கும். அடுத்து, மெக்னீசியம் மாதிரி தாது உப்புகளில் எழுதியிருப்பது உப்பின் மொத்த எடையா, அதில் உள்ள மெக்னீசியத்தின் எடையா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பல மடங்கு இருக்கலாம்.

பெயர்கள் வேஷம் போட்டுக்கொண்டு வரும். கிரிஃபோனியா விதைச்சாறு என்றால் அது 5-எச்.டி.பி., அதாவது மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை ரசாயனமாக உடம்பில் நேராக மாறும் பொருள். ஹைபெரிகம் என்றால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை. விதானியா சோம்னிஃபெரா நம் அமுக்கராக் கிழங்கு, அதாவது அஸ்வகந்தா. பைரிடாக்ஸின் என்பது வைட்டமின் பி6. பயோட்டினைச் சில புட்டிகளில் பி7 என்று போட்டிருப்பார்கள்.

'எங்கள் பிரத்யேகக் கலவை, மொத்தம் 850 மி.கி.' என்று மட்டும் போட்டு, அதற்குள் எது எவ்வளவு என்று சொல்லாத புட்டியை வாங்காதீர்கள். அளவு தெரியாத ஒன்றை எந்த மருத்துவராலும் மற்ற மருந்தோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

பிறகு கூட்டல் கணக்கு. ஒரே சத்து இரண்டு மூன்று புட்டிகளில் இருக்கும். இதில் அதிகம் மாட்டிக்கொள்வது பி6தான். செரட்டோனின் உற்பத்திக்கு அது தேவை என்பதால் மனநிலைக் கேப்ஸ்யூல் பலவற்றிலும் சேர்த்துவிடுகிறார்கள், மல்டிவைட்டமினிலும் இருக்கிறது, மெக்னீசியம் மாத்திரையிலும் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2 மி.கி.க்கும் குறைவு. அமெரிக்காவில் உச்சவரம்பு 100 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மி.கி.யாகக் குறைத்துவிட்டது. வரம்பு தாண்டி மாதக்கணக்கில் சாப்பிட்டால் பாதத்திலும் விரல் நுனியிலும் மரத்துப்போகலாம், ஊசி குத்துவதுபோல் இருக்கலாம். தண்ணீரில் கரையும் வைட்டமின்தானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்ற சமாதானம் பி6-க்குப் பொருந்தாது.

3. தொடங்குவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை

மனச்சோர்வு மாதிரியே தெரியும் உடல் பிரச்சினைகள் உண்டு. தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை மூன்றும் அப்படித்தான் வரும். ஆகவே டி.எஸ்.எச்., பி12, ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். ஒமெப்ரசோல் வகை அமில மருந்தை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12, மெக்னீசியம் இரண்டுமே குறையலாம். குறை அங்கே இருக்கும்போது கேப்ஸ்யூல் புட்டி புட்டியாகத் தீர்ந்தும் பயன் இருக்காது.

'முன்பே' என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பி12 கலந்த கேப்ஸ்யூலை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் எண் நன்றாகத்தான் வரும், உண்மையில் குறைவு இருந்ததா என்று தெரியாமலே போய்விடும். அதிக அளவு ஃபோலிக் அமிலம் இன்னும் மோசம். பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது மூடி மறைத்துவிடும், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் தொடரும்.

பயோட்டின் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். என் முடி மாத்திரையில் இருந்தது 10,000 மைக்ரோகிராம். பல ஆய்வக முறைகள் பயோட்டினையே ஒட்டும் பசைபோலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிரம்பி வழிந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் பரிசோதனைகூடச் சில முறைகளில் பொய்யாகக் குறைந்து வரலாம். இதற்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கை விடுத்து, 2019-இல் அதைப் புதுப்பித்தது. பரிசோதனைக்கு முன் குறைந்தது 2 நாள் பயோட்டின் நிறுத்தச் சொல்வார்கள், அதிக அளவானால் இன்னும் கூடுதல் நாள். ரத்தம் எடுப்பவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

4. சேரவே கூடாத கூட்டணிகள்

நேரம் மாற்றிச் சாப்பிட்டால் தீரும் பிரச்சினைகள் ஒரு வகை. அவற்றை 6-ஆம் படியில் பார்ப்போம். இங்கே சொல்பவை நேரத்தை மாற்றினாலும் தீராதவை.

செரட்டோனின் மேல் செரட்டோனின்: 5-எச்.டி.பி., ட்ரிப்டோஃபேன், சேம்-ஈ, செயின்ட் ஜான்ஸ் வோர்ட், செரட்டோனினைக் கூட்டக்கூடிய இவற்றில் எதையும் மனச்சோர்வு மருந்தோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளூஆக்ஸெடின், வென்லாஃபாக்ஸின், பழைய வகை எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் எல்லாம் இதில் அடங்கும். மனச்சோர்வுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் மருந்துகளும் இந்தப் பட்டியலில் உண்டு: வலிக்குக் கொடுக்கும் ட்ரமடால், வறட்டு இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான், லினெசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக். கேப்ஸ்யூல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சளி பிடிக்கும், யோசிக்காமல் இருமல் மருந்து குடிப்போம். பொறி அங்கேதான்.

செரட்டோனின் அளவு மீறினால் அறிகுறிகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், பலருக்கு 6 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். கை நடுக்கம், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, இருப்புக்கொள்ளாமை, கால் தசைகள் தானாகத் துடிப்பது. காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. புட்டியையும் எடுத்துக்கொண்டு நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: இந்த மூலிகைக்குத் தனி எச்சரிக்கை. லேசான மனச்சோர்வில் இதற்குப் பலன் இருப்பதாக ஆய்வுகள் உள்ளன, மறுக்கவில்லை. ஆனால் இதில் உள்ள ஹைபர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளை முடுக்கிவிடுகிறது. விளைவு, நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள் வேலை செய்வதற்குள் வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபாரின், அபிக்ஸபான், இதயத்துக்கான டிகாக்ஸின், எச்.ஐ.வி. மருந்துகள், சில புற்றுநோய் மருந்துகள், வலிப்பு மருந்துகள், உறுப்பு மாற்றுக்குப் பின் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் என்று பட்டியல் நீளம். இதய மாற்று செய்துகொண்ட இருவருக்கு இந்த மூலிகையால் சைக்ளோஸ்போரின் அளவு இறங்கி, உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது 2000-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தினமும் சாப்பிடும் மருந்து ஒன்று இருந்தாலும் இந்த மூலிகையை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. கொஞ்சம் கடுமையாகப் படலாம். பரவாயில்லை.

இருதுருவக் கோளாறு (பைபோலார்): உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ இது இருந்தால் சேம்-ஈ, 5-எச்.டி.பி., செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பக்கமே போகாதீர்கள். மனத்தை மேலே தூக்குகிறேன் பேர்வழி என்று மிகையெழுச்சிக்கு (மேனியா) கொண்டுபோய்விடும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகம் அல்லது ஈரல் பாதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானால் மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கும். அஸ்வகந்தாவால் தைராய்டு ஹார்மோன் கூடலாம், தூக்க மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், அரிதாக ஈரல் பாதிப்பும் வந்திருக்கிறது.

5. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

பின்னால் ஒரு நாள் எனக்கு செர்ட்ராலின் எழுதினார்கள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். "தைராய்டு மாத்திரை மட்டும்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை. கேப்ஸ்யூலை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. அந்தப் புட்டியில் 5-எச்.டி.பி. 100 மி.கி. இருந்தது.

மருந்துக் கடையில் இருந்த மருந்தாளுநர் கேட்ட விதம் வேறு. "நீங்களாவே வாங்கிச் சாப்பிடறது ஏதாவது இருக்காம்மா? சத்து மாத்திரை, பவுடர், மூலிகை ஏதாவது?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே கேப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லி, மருத்துவருக்கும் தெரிவிக்கச் சொன்னார்.

ஆகவே கேள்வி வரும்வரை காத்திருக்காதீர்கள். தாளை நீட்டிவிட்டு நீங்களே கேளுங்கள்: இதில் எது எதோடு மோதும்? எதற்கு இடையில் எத்தனை மணி நேரம் விட வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்? எந்தப் பரிசோதனையை எப்போது திரும்ப எடுக்க வேண்டும்? "இதைச் சாப்பிடலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "சாப்பிடலாம், ஒண்ணும் பண்ணாது" என்ற மொட்டையான பதில்தான் வரும்.

மருந்தாளுநரிடம் கேட்பதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. கூட்டமில்லாத நேரத்தில் போனால் பொறுமையாகப் பார்த்துச் சொல்வார்கள். முடிந்தவரை எல்லா மருந்தையும் ஒரே கடையில் வாங்குங்கள். உங்கள் முழுப் பட்டியலும் ஒரே இடத்தில் இருக்கும்.

6. நேர அட்டவணை போடுங்கள்

லெவோதைராக்ஸின் (தைராய்டு மாத்திரை) சாப்பிடுபவர்கள் மெக்னீசியம், கால்சியம், இரும்பு ஆகியவற்றுக்கு 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மல்டிவைட்டமினிலும் இவை இருக்கும், அதற்கும் இதே விதி. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரியான ஆன்டிபயாட்டிக் ஓடும்போது அதை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிடுங்கள். என்னைக் கேட்டால் ஆன்டிபயாட்டிக் முடியும்வரை தாது உப்பு மாத்திரைகளை ஓரங்கட்டிவிடுவது நிம்மதி. எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டும் இப்படித்தான் தாது உப்போடு ஒட்டிக்கொண்டு வீணாகும்.

துத்தநாகமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும், பிரித்துச் சாப்பிடுங்கள். துத்தநாகம் அதிகமாகி மாதக்கணக்கில் தொடர்ந்தால் தாமிரம் குறைந்துவிடும். ஒமேகா-3, வைட்டமின் டி இரண்டும் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். சேம்-ஈ காலையில், அதுவும் வெறும் வயிற்றில். இரவில் சாப்பிட்டால் தூக்கம் போகும்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஒமேகா-3 அளவை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதிக அளவில் அது இதயத் துடிப்புக் கோளாறுக்கும் வழிவிடலாம்.

இப்போது என் அட்டவணை இவ்வளவுதான்: விடிகாலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீர் மட்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் செர்ட்ராலின். மதியம் வைட்டமின் டி. இரவு படுக்கும் முன் மெக்னீசியம். முடி மாத்திரை குப்பைக்குப் போய்விட்டது. கைப்பேசியில் நாலு அலாரம். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

7. ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று

மூன்று புட்டியை ஒரே நாளில் திறந்தால் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எதனால் என்று தெரியாது. ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கி, 2 வாரமாவது விட்டு அடுத்ததுக்குப் போங்கள். மருத்துவர் மருந்தை மாற்றிய வாரத்தில் புது சப்ளிமென்ட் எதையும் தொடங்காதீர்கள்.

தினமும் இரவில் ஒரு வரி எழுதினால் போதும்: தூக்கம் எத்தனை மணி, மனசு பத்துக்கு எத்தனை, வயிறு எப்படி, புதிதாக ஏதாவது. ஆறு வாரம் கழித்து அந்த எண்கள் நகரவில்லை என்றால் அந்தப் புட்டி உங்களுக்கு உதவவில்லை. பாதி மீதி இருக்கிறதே என்று தொடர வேண்டாம்.

செலவுக் கணக்கை இங்கேதான் போட வேண்டும். புட்டி விலையைப் பார்க்காதீர்கள். முழு அளவு சாப்பிட எத்தனை நாள் வரும் என்று வகுத்து ஒரு நாள் செலவைப் பாருங்கள், இடையில் எடுக்க வேண்டிய பரிசோதனைகளின் கட்டணத்தையும் கூட்டுங்கள். முதல் தடவை எப்போதும் சிறிய புட்டி. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் நானும் விழுந்திருக்கிறேன். திறக்காத இரண்டு புட்டிகள் காலாவதியாகி அலமாரியில் கிடந்தன. யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். போன்ற வெளி அமைப்புகளின் தரச்சோதனை முத்திரை இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். லேபிளில் எழுதியதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம். பலன் கிடைக்கும் என்பதற்கு அல்ல.

தைராய்டு மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அவசரப்பட்டு மூன்றாம் வாரமே எடுத்தால் பணம்தான் வீண்.

8. நிறுத்துவதற்கும் முறை உண்டு

சப்ளிமென்ட் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து மனச்சோர்வு மருந்தைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோல் தலையில் ஒரு அதிர்வு என்று படுத்தி எடுக்கும். படிப்படியாகக் குறைக்க மருத்துவர்தான் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அதன் முடுக்கம் அடங்க சுமார் 2 வாரம் ஆகும். அந்த மூலிகையைக் கணக்கில் வைத்து வார்ஃபாரின் கூட்டப்பட்டிருந்தால், நிறுத்தியதும் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி ரத்தக்கசிவில் கொண்டுபோய்விடும். கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர்கள் நிறுத்திய பிறகும் 4 வாரம் வேறு பாதுகாப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் மூலிகை வகைகளை 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மயக்க மருந்து கொடுப்பவர் வந்து பேசும்போது அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். நான் புட்டிகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, இரண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "இது ரெண்டும் நாங்க சொல்ற வரைக்கும் வேண்டாம்" என்றார்.